கேம் லெவல் டிசைனராக விரும்புவோரின் இணையப் போர்ட்ஃபோலியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெவல் டிசைன் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் பலர், தாங்கள் செய்த லெவல்களைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான். லெவல் இருக்கிறது, அதைச் செய்தவரின் யோசனை எங்கும் இல்லை. அழகான படங்கள் வரிசையாக வருகின்றன. அந்தக் கதவு ஏன் அங்கே இருக்கிறது, முதலில் எங்கே இருந்தது, எதனால் இடம் மாறியது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது அந்த வரியைத்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

லெவல் டிசைனர் என்பவர் சரியாக என்ன வேலை செய்கிறார்?

ஆட்டக்காரர் நடமாடும் இடத்தை அமைப்பவர் அவர். எங்கே சுவர், எங்கே திறப்பு, காவலாளி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான், சாவி எந்த அறையில் இருக்கிறது, கடும் சண்டைக்குப் பிறகு ஆட்டக்காரர் மூச்சு வாங்க எவ்வளவு தூரம் அமைதியாக நடக்கிறார் என்பதெல்லாம் அவருடைய முடிவுகள்.

1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலை நினைத்துப் பாருங்கள். மாரியோ திரையின் இடப்பக்கத்தில் நிற்கிறார். வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது, அதனால் யாரும் சொல்லாமலே வலப்பக்கம் நடக்கத் தொடங்குகிறோம். எதிரே கூம்பா என்ற எதிரி வருகிறது. அதைத் தாண்டக் குதித்தால் மேலே கேள்விக்குறிப் பெட்டிகள். ஒரு பெட்டியிலிருந்து வரும் காளான் வலப்பக்கமாக நகர்ந்து, பச்சைக் குழாயில் மோதி, திரும்பி நம்மிடமே வந்து சேருகிறது. பயந்து ஒதுங்க நினைத்தாலும் அது பெரும்பாலும் நம்மைத் தொட்டுவிடுகிறது, மாரியோ பெரிதாகிறார். காளான் நல்லது என்று ஓர் எழுத்துகூடத் திரையில் தோன்றவில்லை. குழாய் நிற்கும் இடம் அந்தப் பாடத்தை நடத்திவிட்டது. லெவல் டிசைன் என்றால் இதுதான்.

சூழல் ஓவியர் செய்வதும் இதுதானே?

இரண்டும் வேறு வேலைகள். சூழல் ஓவியர் அந்த இடம் எப்படித் தோன்ற வேண்டும் என்று பார்க்கிறார்: சுவரின் பாசி, தரையின் ஈரம், சன்னல் வழியே விழும் வெயில். அந்த இடத்தில் ஆட்டக்காரர் என்ன செய்வார் என்று பார்ப்பவர் லெவல் டிசைனர். சிறிய குழுக்களில் ஒருவரே இரண்டையும் செய்வதுண்டு. ஆனால் போர்ட்ஃபோலியோவில் இரண்டையும் கலந்து வைத்தால் பார்ப்பவர் குழம்புவார். கடையில் வாங்கிய அழகான மரங்களையும் பாறைகளையும் அடுக்கி, மாலை வெளிச்சம் போட்டு எடுத்த படங்கள் நிறைந்த பக்கத்தைப் பார்க்கும்போது, இவர் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்பதே புரிவதில்லை.

இதற்குப் பட்டம் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. இந்தத் தொழிலின் வரலாறே அதற்குச் சாட்சி. 1993இல் வந்த டூம் விளையாட்டின் மேப்புகள் (லெவல்களுக்கு இன்னொரு பெயர்) தனிக் கோப்பாக இருந்ததால், ரசிகர்கள் வீட்டிலிருந்தே புதிய மேப்புகளைச் செய்து பகிர்ந்துகொண்டார்கள். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் கட்டிய மாட், அதாவது ரசிகர்கள் மாற்றியமைத்த வடிவம்தான் கவுன்டர்-ஸ்டிரைக். அடுத்த ஆண்டே ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. உலகில் மிக அதிகமாக ஆடப்பட்ட மேப்புகளில் ஒன்றான டஸ்ட்2வை 2001இல் உருவாக்கிய டேவ் ஜான்ஸ்டனும் ஆர்வத்தால் மேப் செய்யத் தொடங்கியவர்தான்.

இன்னோர் எடுத்துக்காட்டை எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் 2005இல் நார்பக்யூலர் டிராப் என்ற சிறிய விளையாட்டைச் செய்தார்கள். சுவரில் இரண்டு துளைகள். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். அதன் தோற்றம் எளிமையானது, நீளமும் குறைவு. ஆனால் யோசனை பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்த வால்வ் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதே யோசனையில் பிறந்த போர்ட்டல் என்ற விளையாட்டு 2007இல் வெளிவந்தது. அந்த மாணவர்களுக்கு வேலை வாங்கித் தந்தது, ஒரே யோசனையை முடித்துக் காட்டிய சிறிய படைப்பு.

பட்டம் வேறு வகையில் உதவும். வெளிநாட்டில் வேலை தேடினால் விசாவுக்குப் பல இடங்களில் கேட்பார்கள். படிப்பை முடித்துவிட்டே வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எத்தனை லெவல்கள் இருக்க வேண்டும்?

இரண்டு போதும். மூன்று இருந்தால் நல்லது. ஆறு இருந்தால், அவற்றில் மிகப் பலவீனமானதை வைத்தே உங்களை எடைபோடுவார்கள். இரண்டும் வெவ்வேறு வகையாக இருக்கட்டும். ஒன்று ஒளிந்து செல்லும் லெவல் என்றால் மற்றது பலர் சேர்ந்து ஆடும் மேப்பாகவோ புதிர் லெவலாகவோ இருக்கலாம். பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கக்கூடிய, முழுமையாக முடிந்த லெவலே சரியான அளவு. பாதியில் நிற்கும் பெரிய நகரத்தைப் போர்ட்ஃபோலியோவில் வைக்காதீர்கள்.

விளையாட்டை உருவாக்கும் மென்பொருளான எஞ்சின்களில் எதைக் கற்பது?

நீங்கள் சேர விரும்பும் நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளை ஒரு வாரம் படியுங்கள், பதில் அதிலேயே கிடைத்துவிடும். நாயகனின் கண்வழியே காணும் முதல் நபர், அவனுக்குப் பின்னாலிருந்து காணும் மூன்றாம் நபர் பார்வையிலான பெரிய விளையாட்டுகளுக்கு அன்ரியல் எஞ்சின் பரவலாகக் கேட்கப்படுகிறது. கைப்பேசி விளையாட்டுகளுக்கு யூனிட்டி. கோடோ முற்றிலும் இலவசம், திறந்த மூலம். சொந்த எஞ்சின் வைத்திருக்கும் நிறுவனங்கள், வேறோர் எஞ்சினில் நீங்கள் செய்த வேலையைப் பார்த்தே மதிப்பிடும்.

அதைவிட எளிய வழி, ஏற்கெனவே இருக்கும் ஒரு விளையாட்டுக்கு மேப் செய்வது. ஓட்டம், குதிப்பு, துப்பாக்கி, எதிரி இயங்கும் விதம் எல்லாம் தயாராக இருக்கும். நீங்கள் இடத்தை மட்டும் யோசிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர், நாயகன் நடக்கும் அசைவைச் சரிசெய்வதிலேயே மூன்று மாதத்தைக் கழித்துவிட்டு, லெவலுக்கு வருவதற்குள் களைத்துப்போகிறார்கள்.

என் கணினி பழையது. அன்ரியல் திறப்பதற்கே கால்மணி நேரம் ஆகிறது. என்ன செய்வது?

குவேக் விளையாட்டுக்கு மேப் செய்யுங்கள். 1996இல் வந்த விளையாட்டு அது. அதற்கான டிரென்ச்புரூம் என்ற எடிட்டர் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். இன்றும் அதற்கு மேப் செய்து ஒருவருக்கொருவர் திறனாய்வு எழுதும் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. டூமுக்குச் செய்ய விரும்பினால், ஃப்ரீடூம் என்ற திட்டம் தேவையான படங்களையும் ஒலிகளையும் இலவசமாகவே தருகிறது.

பழைய விளையாட்டு என்பதால் மதிப்புக் குறையும் என்று அஞ்ச வேண்டாம். பழைய கருவியின் கட்டுப்பாடே நல்ல ஆசிரியர். குவேக்கில் ஆட்டக்காரர் குதிக்காமல் ஏறக்கூடிய படியின் உயரம் 18 அலகு. 19 அலகு வைத்தால் அது சுவர். அந்த ஓர் அலகுக்குள்தான் 'இங்கே போகலாம்', 'இங்கே போக முடியாது' என்ற முடிவு இருக்கிறது. அதை விரல் நுனியில் உணர்ந்தவர், எந்த எஞ்சினுக்குப் போனாலும் முதலில் அளவுகளைத்தான் கேட்பார்.

முதல் லெவலுக்கான யோசனையை எங்கிருந்து எடுப்பது?

உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஓர் இடத்திலிருந்து. எனக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களில் விண்வெளி நிலையத் தாழ்வாரங்களும் இடிந்த ஐரோப்பியக் கோட்டைகளும் ஏராளம். செய்தவர் எவரும் அங்கே நின்றதில்லை. அதனால் அந்த இடங்களில் சுவர்கள் இருக்கின்றன, வாழ்க்கை இல்லை.

என் சொந்த லெவல் ஒன்றைச் சொல்கிறேன். நான் வளர்ந்த ஊரில் ஓர் அரிசி ஆலை இருந்தது. வாயிலைத் தாண்டினால் பரந்த சிமென்ட் களம். அவித்த நெல்லை அங்கே காய வைப்பார்கள். ஒரு பக்கம் நெல் ஊறும் தொட்டிகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு அப்பால் உமி எரிக்கும் கொதிகலன் கூடம், அதன் மேல் ஊருக்கே அடையாளமான புகைபோக்கி. மறுபக்கம் மூட்டைகள் கூரை வரை அடுக்கிய கிடங்கு. மாடியில் கணக்கர் அறை, களத்தைப் பார்த்த ஒரு சன்னல்.

ஒளிந்து செல்லும் விளையாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் புகைபோக்கி திசைகாட்டி. மூட்டை அடுக்குகளுக்கு நடுவே உள்ள சந்துகள் பதுங்கும் வழிகள். சன்னல், ஆபத்து எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. ஆனால் எனக்கு லெவலைத் தந்தது களம்தான். இரவில் நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடுவார்கள். விடிந்ததும் குவியல்களைக் கலைத்து, மரப்பலகையால் இழுத்துத் தரை முழுக்கப் பரப்பிவிடுவார்கள். இரவில் இடுப்பளவு மறைவிடங்கள் நிறைந்த இடம், காலையில் பாய் விரித்ததுபோல வெட்டவெளி.

ஆகவே என் லெவல் விடியலுக்குச் சற்று முன் தொடங்குகிறது. ஆட்டக்காரர் குவியல்களுக்குப் பின்னால் ஒளிந்து களத்தைக் கடந்து, கிடங்கு வழியே மாடிக்குப் போய், கணக்கர் அறையிலிருந்து ஒரு பேரேட்டை எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு சன்னல் வழியே பார்த்தால் பொழுது விடிந்திருக்கிறது, குவியல்கள் பரப்பப்பட்டுவிட்டன. வந்த வழி இப்போது வழி இல்லை. புதிதாக ஒரு சுவர்கூடக் கட்டாமல், ஒரே இடம் இரண்டு லெவல்களாகிவிட்டது.

இப்படி ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். மீன் ஏலம் நடக்கும் துறை, திருவிழாவுக்கு முந்தைய இரவின் தேரடி, மூடிய திரையரங்கு. அங்கே எது எப்போது இடம் மாறுகிறது, எங்கிருந்து எது தெரிகிறது என்று பாருங்கள். அளவுநாடா எடுத்துப் போங்கள். கைப்பேசியில் படம் எடுத்து அவற்றையும் போர்ட்ஃபோலியோவில் சேருங்கள். யோசனை எங்கிருந்து பிறந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உண்மை அளவுகளை அப்படியே எஞ்சினில் போட்டால் இடம் நெருக்கமாகத் தோன்றும். மூன்றாம் நபர் பார்வையில் கேமரா ஆட்டக்காரருக்குப் பின்னால் சற்று உயரத்தில் மிதப்பதால், கதவும் கூரையும் நிஜத்தைவிடப் பெரிதாக வேண்டும். அன்ரியலில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர், யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீட்டர். முதல் நாளே வெறும் அறை ஒன்றில் உங்கள் நாயகனை நிறுத்தி, எவ்வளவு உயரம் குதிக்கிறான், எவ்வளவு தூரம் தாண்டுகிறான் என்று அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் நிறப் பெட்டிகளால் ஆன லெவலைக் காட்டலாமா?

தாராளமாக. நாங்கள் பிளாக்அவுட் அல்லது கிரேபாக்ஸ் என்று சொல்வது அதைத்தான். வெறும் பெட்டிகளாலும் சரிவுகளாலும் ஆன, ஆனால் முழுமையாக ஆடக்கூடிய லெவல். பெரும்பாலான ஸ்டுடியோக்களில் லெவல் டிசைனர் ஓவியரிடம் ஒப்படைப்பது இதையே.

ஆனால் சாம்பல் என்பதற்காக அசட்டை கூடாது. மறைந்துகொள்ளக்கூடியவை ஒரு நிறம், ஏறக்கூடிய விளிம்புகள் ஒரு நிறம், அலங்காரத்துக்கு மட்டும் இருப்பவை ஒரு நிறம் என்று பிரியுங்கள். வெளிச்சத்தையும் முறையாக அமையுங்கள், ஏனென்றால் வெளிச்சம்தான் ஆட்டக்காரரை இழுக்கிறது. இரண்டு லெவல்களில் ஒன்றையாவது பெட்டிகளுக்குப் பதில் முழுத் தோற்றம் பெற்ற நிலைக்குக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வருந்த வேண்டாம்.

ஒரு லெவலுக்கான பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பார்ப்பவர் தன் வேலைக்கு நடுவே, பல விண்ணப்பங்களில் ஒன்றாக உங்களுடையதைத் திறக்கிறார். திறந்ததும் லெவல் தெரிய வேண்டும். வரவேற்பு வாசகமோ சுழலும் பெயர்ப்பலகையோ வேண்டாம். முகப்பில் உங்களைப் பற்றிய சிறு விவரம், இரண்டு அல்லது மூன்று படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி, அவ்வளவுதான்.

படத்தைத் தொட்டு உள்ளே போனால் முதலில் சுருக்கத் தகவல்: என்ன வகை விளையாட்டு, எந்த எஞ்சின், எத்தனை வாரம், எத்தனை பேர் சேர்ந்து செய்தது, அதில் நீங்கள் செய்தது எது. அடுத்து ஒரு சிறிய வீடியோ. அதற்குக் கீழே மேலிருந்து பார்த்த வரைபடம். இந்த வரைபடத்துக்குப் போதிய நேரம் கொடுங்கள். ஆட்டக்காரர் செல்லும் முக்கிய வழி ஒரு நிறக் கோடு, மாற்று வழிகள் வேறு நிறம், எதிரிகள் நிற்கும் இடமும் பார்க்கும் திசையும், முக்கிய நிகழ்வுகளுக்கு 1, 2, 3 என்று எண்கள். கீழே எழுதும் விளக்கத்திலும் அதே எண்களைப் பயன்படுத்துங்கள்.

பிறகுதான் எழுத்து. ஒவ்வொரு முக்கிய இடத்துக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். ஆட்டக்காரர் இங்கே என்ன உணர வேண்டும் என்று நினைத்தேன்? அதற்காக என்ன செய்தேன்? ஆடிப் பார்த்தபோது உண்மையில் என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே எழுதுகிறவர்கள் உடனே கண்ணில் படுகிறார்கள்.

ஆடிப் பார்க்க வைப்பது எப்படி? அதை எப்படிப் பதிவு செய்வது?

பிளேடெஸ்ட் என்ற இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. போர்ட்ஃபோலியோவில் அதிகம் விடுபடுவதும் இதுவே.

நண்பரோ தம்பியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ, யாராவது ஒருவரை உட்கார வையுங்கள். கட்டுப்பாட்டுப் பொத்தான்களை மட்டும் சொல்லிக்கொடுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். அவர் தவறான பக்கம் போகும்போது 'இந்தப் பக்கம்' என்று சொல்ல நாக்குத் துடிக்கும், சொன்னால் அந்தச் சோதனை வீண். திரையைப் பதிவு செய்யுங்கள், நீங்கள் அவருடைய கையையும் முகத்தையும் பாருங்கள்.

அரிசி ஆலை லெவலை முதலில் ஆடியவர் என் அத்தை மகன். உள்ளே போகும் பாதி பிரமாதமாக நடந்தது. பேரேட்டை எடுத்தார், சன்னல் அருகே வந்தார், கீழே களம் வெட்டவெளியாகக் கிடப்பதைப் பார்த்து 'அடடா' என்றார். எனக்குப் பெரும் மகிழ்ச்சி. பிறகு படியிறங்கிக் களத்தின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தார். கேமராவை மெதுவாக இடமும் வலமும் திருப்பினார். கை மவுஸிலிருந்து எழுந்து கன்னத்துக்குப் போனது. அரை நிமிடத்துக்கும் மேலாக அப்படியே இருந்துவிட்டு, கடைசியில் வெட்டவெளியில் ஓடி மாட்டிக்கொண்டார். இரண்டாவதாக ஆடியவரும் அதையே செய்தார், மூன்றாமவரும் அதையே செய்தார்.

ஊறல் தொட்டிகளுக்குப் பின்னால் வெளியேறும் வழி ஒன்றை வைத்திருந்தேன். அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. உள்ளே நுழையும்போது ஆட்டக்காரரின் முதுகுப் பக்கம்தான் தொட்டிகள் இருந்தன. ஒருமுறைகூடப் பார்த்திராத வழியை, பதற்றத்தில் எவரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மாற்றியது இரண்டே இரண்டு. வாயிலைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, உள்ளே வருபவர் முதலில் தொட்டிகளின் ஓரமாக நடந்தாக வேண்டும்படி செய்தேன். அங்கே ஒரு காவலாளி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பான். அவன் நிமிர்வதற்குள் தொட்டிகளுக்குப் பின்னால் பதுங்கிப் போக வேண்டும். ஆட்டக்காரர் அந்த வழியைத் தொடக்கத்திலேயே தன் உடம்பால் கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை ஆடியவர்கள் சன்னலில் நின்று களத்தைப் பார்த்தார்கள், கேமராவைத் தொட்டிகளின் பக்கம் திருப்பினார்கள், போனார்கள்.

இதை என் பக்கத்தில் எப்படி வைத்தேன் என்றால், பழைய வரைபடமும் புதிய வரைபடமும் அருகருகே, நடுவில் நான்கு வரி விளக்கம். நேர்முகத் தேர்வில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது அந்த நான்கு வரியைப் பற்றித்தான். தவறை மறைக்காதீர்கள். எது தவறாக நடந்தது, எப்படிக் கவனித்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள்.

வீடியோ எவ்வளவு நீளம்?

லெவல் பக்கத்தின் மேலே வரும் வீடியோ ஒன்றரை நிமிடத்துக்குள் இருக்கட்டும், முதல் ஐந்து வினாடியிலேயே ஆட்டம் தெரியட்டும். முழு லெவலையும் ஆடிக் காட்டும் நீண்ட வீடியோவைத் தனியாக, பக்கத்தின் கடைசியில் வையுங்கள். அதை நிதானமாக ஆடுங்கள். நீங்கள் செய்த லெவல் உங்களுக்கு மனப்பாடம் என்பதால் வேகமாக ஓடத் தோன்றும், பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. காதைப் பிளக்கும் இசை வேண்டாம்.

பக்கத்தை எங்கே அமைப்பது?

நிரல் எழுதத் தெரிந்தால் கிட்ஹப் பேஜஸ் இலவசம். தெரியாவிட்டால் கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ், விக்ஸ் எதுவானாலும் சரி. ஆர்ட்ஸ்டேஷன் ஓவியர்களுக்கு ஏற்றது, லெவல் டிசைனருக்குத் தேவையான நீண்ட விளக்கத்துக்கு வசதி குறைவு. ஆடக்கூடிய கோப்பை, விளையாட்டுகளைப் பகிரும் தளமான இட்ச்.ஐஓவில் ஏற்றி, உங்கள் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுங்கள். உலாவியிலேயே ஆடும்படி ஏற்ற முடிந்தால் மிக நல்லது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பை அலுவலகக் கணினியில் இறக்கி நிறுவப் பலருக்கு அனுமதியே இருக்காது.

படங்களின் எடையைக் கவனியுங்கள். அசையும் படங்கள் ஒவ்வொன்றும் 30, 40 மெகாபைட் இருந்தால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றைச் சிறிய வீடியோக்களாக மாற்றிவிடுங்கள்.

அடுத்தவர் செய்த அசெட்டுகளை (மாடல், படம், ஒலி போன்றவற்றை) பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், உரிமம் அனுமதித்தால். நாற்காலியை நீங்களே செய்தீர்களா என்று எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் யாருடையது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டு, நேர்முகத் தேர்வில் வெளிப்பட்டால் அங்கேயே முடிந்துவிடும். வேறொரு விளையாட்டிலிருந்து உருவிய மாடல்களை ஒருபோதும் வைக்காதீர்கள்.

குழுவாகச் செய்த விளையாட்டில் என் பங்கை எப்படிச் சொல்வது?

துல்லியமாகச் சொல்லுங்கள். 'லெவல் டிசைனில் பங்களித்தேன்' என்றால் ஒன்றும் விளங்காது. 'கிடங்குப் பகுதியின் அமைப்பும் எதிரிகளின் நடைவழிகளும் என்னுடையவை. களத்தின் அமைப்பு குழுவில் வேறொருவருடையது' என்று எழுதுங்கள். பிறருக்கு உரிய பெயரைக் கொடுப்பவரோடு வேலை செய்யத்தான் எவரும் விரும்புவார்கள். ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் இருந்து ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், வெளிவராத வேலையை எழுத்துமூல அனுமதி இல்லாமல் காட்டக் கூடாது. கடவுச்சொல் போட்ட பக்கத்தில் வைத்தாலும் அது மீறல்தான்.

என் ஆங்கிலம் சுமார். போர்ட்ஃபோலியோவைத் தமிழில் எழுதலாமா?

பெங்களூரு, புணே, மும்பை போன்ற நகரங்களின் ஸ்டுடியோக்களுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவதாக இருந்தால் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஏன் இந்தக் கதவை இங்கே வைத்தேன் என்பதற்கான காரணம், யோசித்த மொழியில்தான் முழுமையாக வெளிவரும். நேரடியாக ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எங்கோ படித்த சொற்றொடர்களை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பத்து பக்கங்களைப் படித்தாலும் ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கிறது.

தமிழில் எழுதியதைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி போதும். தொழிலில் புழங்கும் சொற்களை மட்டும் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். மறைவிடம் கவர், ஓரிடத்திலிருந்து தெரியும் பார்வைக் கோடு சைட்லைன், தூரத்திலிருந்து வழிகாட்டும் அடையாளம் லேண்ட்மார்க், பதற்றமும் ஓய்வும் மாறிமாறி வரும் வேக ஒழுங்கு பேஸிங். இவை சரியாக இருந்தால் இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருந்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

நிறுவனம் சோதனைப் பணி கொடுத்தால்?

கேட்டதைக் கேட்ட அளவுக்குச் செய்யுங்கள். ஐந்து நிமிட லெவல் கேட்டால் ஐந்து நிமிட லெவல். முடிவுகளுக்கான காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதி உடன் அனுப்புங்கள். பின்னர் அதைப் போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக எதைச் சரிபார்ப்பது?

உங்கள் கணக்கு எதிலும் உள்நுழைந்திராத வேறொருவரின் கைப்பேசியை வாங்கி, மொபைல் டேட்டாவில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீடியோ ஓடுகிறதா, 'அனுமதி தேவை' என்று வருகிறதா? கூகுள் டிரைவ் இணைப்புகள் பெரும்பாலும் இங்கேதான் காலை வாரும். நமக்குத் திறக்கும், மற்றவர்களுக்குத் திறக்காது. வரைபடத்தில் உள்ள எண்களைச் சின்னத் திரையில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பெயர், மின்னஞ்சல், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்ற மூன்றும் முகப்பிலேயே இருக்கட்டும்.

பிறகு அந்தக் கைப்பேசிக்காரரிடமே பக்கத்தைக் காட்டி, 'இதில் நான் என்ன செய்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்?' என்று கேளுங்கள். பிளேடெஸ்டில் இருந்ததைப் போலவே, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.